இடிசி காட்டும் 100, கைக்கு வரும்போது 70

தொலைநோக்கி நேரத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும் தோழி ஒருத்தி, "இடிசியில் சிக்னல்-நாய்ஸ் 100 வருகிறது, அந்த நேரத்தையே கேட்டுவிடலாமா?" என்றாள். (இடிசி என்பது, எத்தனை நேரம் ஒளி சேர்த்தால் சிக்னல் இரைச்சலைப் போல எத்தனை மடங்கு இருக்கும், அதாவது சிக்னல்-நாய்ஸ் எவ்வளவு வரும், என்று கணித்துச் சொல்லும் கால்குலேட்டர்.) வேண்டாம். ஏன் என்பது ஒரு வரியில் அடங்காது.

நான் பல பருவங்களாகக் கணக்குப் போடுவது 3 மீட்டர் வகுப்புத் தொலைநோக்கி ஒன்றின் அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரோகிராஃபுக்கான (ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கருவி) கால்குலேட்டரில். மங்கலான பொருளுக்கு இதைப் போல நம்பகமான துணை கிடையாது, மனதார சொல்கிறேன். ஹெச் பேண்டில் (1.6 மைக்ரான் பக்கத்து அகச்சிவப்பு) வளிமண்டலத்து ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் ஒளிரும் கோடுகள், கே பேண்டில் (2.2 மைக்ரான் பக்கம்) 2.3 மைக்ரானைத் தாண்டினால் தொலைநோக்கிக் கண்ணாடியும் காற்றும் உமிழும் வெப்பம், இவற்றின் இரைச்சல்தான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அதை இது அழகாகக் கணித்துவிடுகிறது. சீயிங்கை, அதாவது காற்றின் கலக்கத்தால் நட்சத்திரம் எவ்வளவு அகலமாகப் பரவித் தெரிகிறது என்பதை, மட்டும் நேர்மையாகக் கொடுக்க வேண்டும். 0.5 ஆர்க்செகண்ட் (வானில் கோணத்தை அளக்கும் அலகு) அகல ஸ்லிட்டில், அதாவது ஒளி உள்ளே நுழையும் பிளவில், சீயிங் 0.8 என்றால் ஒளியில் பாதிக்குச் சற்று மேல் உள்ளே போகும், 1.2 ஆகிவிட்டால் 40 சதவீதம்கூடப் போகாது. வான இரைச்சல் ஆளும் இடத்தில் அதற்கு விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம்.

எனக்கு ஆத்திரம் வருவது பிரகாசமான நட்சத்திரங்களில். திரையில் வரும் எண் இலக்கின் எண் மட்டும்தான். ஆனால் அகச்சிவப்பில் யாரும் அந்த நிறமாலையை அப்படியே பயன்படுத்துவதில்லை, 1.4, 1.9 மைக்ரான் பக்கம் நீராவி தின்றதைச் சரிசெய்ய, பக்கத்திலேயே ஒரு ஏ0 வகை நட்சத்திரத்தை (சொந்தக் கோடுகள் குறைவான வெண்ணிற நட்சத்திரம், இதைத்தான் ஸ்டாண்டர்ட் என்கிறோம்) எடுத்து அதால் வகுக்கிறோம். அதன் இரைச்சலும் சேர்ந்து வருமே! இலக்கு 100, ஸ்டாண்டர்ட் 100 என்றால் வகுத்தபின் மிஞ்சுவது 70. முடிவில் 100 வேண்டுமென்றால் இரண்டையும் 141க்குக் கொண்டுபோக வேண்டும், அதாவது இரண்டுக்குமே இரட்டை நேரம். இல்லையா, பிரகாசமான ஸ்டாண்டர்டாகத் தேடிப்பிடித்து அதை 300க்கு எடுத்தால் இலக்குக்கு 106 போதும். இவ்வளவு எளிய கணக்குக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பெட்டிகூட இல்லை என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் இன்னொன்று. நேரத்தை நான்கு மடங்காக்கினால் எண்ணை இரண்டு மடங்காக்கிக் காட்டும், பதினாறு மடங்கானால் நான்கு மடங்கு, இப்படி முடிவே இல்லாமல். நிஜத்தில் ஃபிளாட்டின் (பிக்சல்களின் உணர்திறன் வேறுபாட்டைச் சரிசெய்ய எடுக்கும் சீரான ஒளிப்படம்) குறைகளும், இலக்குக்கும் ஸ்டாண்டர்டுக்கும் நடுவில் மாறிவிடும் நீராவியும் ஒரு தளத்தைப் போட்டுவிடுகின்றன. அதற்குக் கீழே இரைச்சல் இறங்காது, எத்தனை மணி நேரம் கொட்டினாலும் சரி. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் இடிசிக்குக் காற்று என்ற தொல்லையே இல்லை, இருந்தும் பிக்சல் நிறைந்துவிடும் என்றால் அது எச்சரிக்கையாவது கொடுக்கிறது.

இத்தனை புகழ்ந்தபின் இப்படிச் சொல்வது நியாயமா தெரியவில்லை, ஆனாலும் இன்றைக்கு என் தீர்ப்பு இதுதான்: புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தோழிக்குச் சொன்னது, ஸ்டாண்டர்டுக்கான நேரத்தையும் அதற்குத் திரும்பி மறுபடி ஸ்லிட்டில் நிறுத்தும் நேரத்தையும் தனி வரியாகவே விண்ணப்பத்தில் எழுது, யார் கேட்டாலும் அந்த வகுத்தல் கணக்கைக் காட்டு.