டிஎல்062: வீட்டில் கட்டிய பெடலின் 'டிக்' ஒலியை இந்த ஐசி நிறுத்துமா?

டிரெமோலோ, ஃபேசர், கோரஸ் போன்ற, ஒலியைச் சீரான தாளத்தில் அசைக்கும் கிடார் பெடல்களைத் தாமே பற்றவைத்துக் கட்டுவோருக்கு நன்கு பழக்கமான ஒரு தொல்லை உண்டு. தந்தியைத் தொடாமல் இருக்கும்போதும் ஆம்ப்ளிஃபயரில் 'டிக்... டிக்...' என்று சீரான இடைவெளியில் ஓர் ஒலி வந்துகொண்டே இருக்கும். வேகக் குமிழைத் திருப்பினால் அந்த ஒலியும் அதே அளவுக்கு விரைவாகும் அல்லது மெதுவாகும். பெடல் தன் வேலையைச் சரியாகவே செய்யும், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு டிஸ்டார்ஷன் பெடலை இணைத்துவிட்டால் இந்த ஒலி பாட்டையே மூடிவிடும். இதற்குத் தீர்வாக அடிக்கடி பரிந்துரைக்கப்படுவது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வடிவமைத்த டிஎல்062 என்ற இரட்டை ஆப்-ஆம்ப் ஐசி, அதாவது மின்னழுத்த வேறுபாட்டைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சுற்றுகள் இரண்டு அடங்கிய சில்லு. இதை டிரெமோலோவிலும் ஃபேசரிலும் பொருத்திப் பார்த்த அளவில் என் மதிப்பீடு இதுதான்: விலைக்கு மிஞ்சிய பயன் தரும் பொருள், வாங்கி வைத்துக்கொள்ளத் தக்கது, ஆனால் 'டிக்' ஒலி பெடலுக்குள் எந்த வழியாக வருகிறது என்று முதலில் கண்டறியாமல் இதை மட்டும் மாற்றுவோருக்குப் பாதி வெற்றியே கிடைக்கும்.

ஒலி எங்கே பிறக்கிறது என்பதைச் சொல்லாமல் இந்த ஐசியின் சிறப்பை விளக்க முடியாது. இத்தகைய பெடல்களில் ஒலியை அசைத்துக்கொண்டிருப்பது எல்எஃப்ஓ எனப்படும் தாழ் அதிர்வெண் அலையியற்றி. பெரும்பாலான சுற்றுகளில் ஓர் ஆப்-ஆம்ப் மெல்ல ஏறி இறங்கும் முக்கோண அலையை உருவாக்க, மற்றோர் ஆப்-ஆம்ப் அந்த அலை ஓர் எல்லையைத் தொட்டவுடன் தன் வெளியீட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் புரட்டிப் போட்டுச் சதுர அலையைத் தருகிறது. 9 வோல்ட் மின்வழங்கலில் இந்தப் புரட்டல் ஆறேழு வோல்ட் அளவுக்கு இருக்கும். கிடாரிலிருந்து வரும் குறிகையோ பெரும்பாலும் ஒரு வோல்ட்டின் சிறு பகுதிதான். புரளும் அந்த நொடியில் ஐசி இழுக்கும் மின்னோட்டம் திடீரென்று மாறுவதால், மின்வழங்கல் கம்பியிலும், தரைக் கம்பியிலும், மின்வழங்கலின் பாதியான 4.5 வோல்ட் நடுநிலைப் புள்ளியிலும் ஒரு சிறு குலுக்கல் ஏற்படுகிறது. ஒலிப்பாதையும் அதே கம்பிகளைப் பகிர்ந்துகொள்வதால் அந்தக் குலுக்கல் நமக்கு 'டிக்' என்று கேட்கிறது. ஓர் அலைச் சுற்றுக்குப் புரட்டல் இரண்டு முறை நிகழ்வதால், டிரெமோலோ ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் இரண்டு 'டிக்'குகள் கேட்பதும் இயல்பே.

இந்த இடத்தில்தான் டிஎல்062 உதவுகிறது. பலர் கைக்கு வந்ததும் பொருத்திவிடும் டிஎல்072 ஐசியில் ஒவ்வோர் ஆப்-ஆம்பும் சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 1.4 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்கிறது. டிஎல்062இல் அது ஏறக்குறைய 0.2 மில்லிஆம்பியர்தான். அதன் வெளியீடு மாறும் வேகமும் குறைவு: டிஎல்072 ஒரு மைக்ரோநொடிக்கு 13 வோல்ட் என்ற அளவில் பாயும், டிஎல்062 ஏறக்குறைய 3.5 வோல்ட் அளவிலேயே நகரும். புரட்டலின் விளிம்பு மழுங்குவதால் அருகிலுள்ள கம்பிகளுக்குத் தாவும் கூர்மையும் குறைகிறது. இரண்டுக்கும் கால்களின் அமைப்பு ஒன்றே என்பதால், சாக்கெட் வைத்துக் கட்டிய பலகையில் பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் போதும், வேறெதையும் தொட வேண்டியதில்லை. எல்எஃப்ஓ பகுதிக்குச் சாக்கெட் வைத்துக் கட்டுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதற்காகவே.

டிரெமோலோவில் மாற்றிய உடனேயே வேறுபாடு தெரிந்தது. முன்பு அறையின் மறுகோடியிலும் கேட்ட ஒலி, ஸ்பீக்கருக்கு அருகில் காதை வைத்தால் மட்டுமே கேட்கும் அளவுக்குத் தணிந்துவிட்டது. ஃபேசரில் அப்படி நடக்கவில்லை. ஒலியின் கூர்மை குறைந்ததே தவிர, 'டிக்' அங்கேயே இருந்தது. இந்த வேறுபாட்டுக்கான காரணம்தான், இந்த ஐசியை வாங்க நினைப்போர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி.

'டிக்' ஒலிப்பாதைக்குள் நுழைய இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, மேலே சொன்ன மின்வழங்கல், தரை, நடுநிலைப் புள்ளி ஆகியவற்றின் வழி. மற்றொன்று காற்றின் வழி: வேகக் குமிழுக்குச் செல்லும் கம்பி சதுர அலையைச் சுமந்துகொண்டு, உள்ளீட்டு ஜாக்கிலிருந்து வரும் கம்பியை ஒட்டிச் சென்றால், இரண்டுக்கும் இடையிலான மிகச் சிறிய மின்தேக்குத்திறனே குறிகையைக் கடத்திவிடும். பெடலின் உள்ளீட்டு மின்மறுப்பு ஏறக்குறைய 1 மெகாஓம் என்னும் உயர்ந்த அளவில் இருப்பதால் இந்தக் கசிவு நன்றாகவே கேட்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கிடாரை இணைத்து அதன் வால்யூம் குமிழை முழுவதும் குறைத்துவிடுங்கள். வழக்கமான இணைப்புள்ள கிடாரில் இது பெடலின் உள்ளீட்டைத் தரையோடு சேர்த்துவிடும். 'டிக்' அப்போது மறைந்தால், உள்ளீட்டுக் கம்பிக்குத்தான் அது தாவுகிறது என்று பொருள். கம்பிகளைப் பிரித்து வைப்பதும், உள்ளீட்டுக்குக் கவசக் கம்பி பயன்படுத்துவதும் அதற்குத் தீர்வு. குமிழைக் குறைத்த பிறகும் அதே வலுவில் ஒலித்தால் குற்றம் பெரும்பாலும் மின்வழங்கல் பக்கம் இருக்கிறது; டிஎல்062 தன் முழுப் பயனையும் காட்டுவது அங்கேதான். என் ஃபேசரில் வேகக் குமிழின் கம்பி உள்ளீட்டு ஜாக்கின் மேலாகவே வளைந்து சென்றது. அதைப் பெட்டியின் மறுபக்கச் சுவரை ஒட்டி நகர்த்தியதும் மிச்சமிருந்த ஒலியின் பெரும்பகுதி நின்றுவிட்டது.

குறைந்த மின்னோட்டத்தால் கிடைக்கும் இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. எல்எஃப்ஓ ஐசியின் மின்வழங்கலைத் தனியாக வடிகட்டுவது நெடுநாளாகச் செய்யப்படும் முறை: 9 வோல்ட் கம்பிக்கும் ஐசிக்கு மின்சாரம் நுழையும் 8ஆம் காலுக்கும் இடையே 100 ஓம் மின்தடை ஒன்று, 8ஆம் காலிலிருந்து தரைக்கு 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று. இந்த இணை ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட குலுக்கல்களைத் தணிக்கும். டிஎல்062 மிகக் குறைவாகவே மின்னோட்டம் எடுப்பதால் இந்த மின்தடையைத் துணிந்து 470 ஓமுக்கு உயர்த்தலாம். ஐசி தனக்கென எடுப்பதைக் கணக்கிட்டால் இழப்பு 0.2 வோல்ட்டைக்கூட எட்டாது, வடிகட்டும் எல்லையோ ஏறக்குறைய 3.4 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இதே 470 ஓமை டிஎல்072 இருக்கும் இடத்தில் வைத்தால் 1.3 வோல்ட் அங்கேயே தொலைந்து, அலையின் வீச்சு சுருங்கிவிடும். ஆகவே இந்த ஐசியை வெறும் மாற்றாகக் கருதாமல், வடிகட்டியோடு சேர்த்தே வாங்கும் பொருளாகக் கருதுவது நல்லது. மின்தேக்கியை ஐசியின் கால்களுக்கு மிக அருகில் பற்றவைக்க வேண்டும் என்பதையும், அதன் தரை முனையை ஒலிப்பாதையின் தரையோடு வழியில் சேர்க்காமல் மின்வழங்கல் நுழையும் புள்ளிக்கே தனிக் கம்பியாகக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

ஆயினும் ஐசி தனக்கென எடுக்கும் மின்னோட்டத்தைக் குறைத்துவிட்டால் மட்டும் போதாது. அது சுற்றியுள்ள மின்தடைகளுக்குள் செலுத்தும் மின்னோட்டமும் ஒவ்வொரு புரட்டலிலும் திசை மாறுகிறது. அதைக் குறைக்க ஒரு வழிதான் உண்டு: மின்தடைகளைப் பெரிதாக்கி மின்தேக்கியைச் சிறிதாக்குவது. 100 கிலோஓம் குமிழும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் இருக்கும் இடத்தில் 1 மெகாஓம் குமிழையும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் வைத்தால் வேகம் மாறாது, மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகிவிடும். குமிழோடு தொடராக உள்ள மின்தடையையும் அதே விகிதத்தில் உயர்த்த வேண்டும். இங்கேயும் டிஎல்062 மற்றவற்றை விஞ்சி நிற்கிறது. அதன் உள்ளீட்டில் ஜேஃபெட் எனப்படும் புலவிளைவு டிரான்சிஸ்டர்கள் இருப்பதால் உள்ளீட்டு மின்னோட்டம் பிக்கோஆம்பியர் அளவிலேயே இருக்கிறது. இருமுனை டிரான்சிஸ்டர் உள்ளீடு கொண்ட ஐசிகளில் அது நானோஆம்பியர் அளவுக்கு உயர்கிறது. 1 மெகாஓம் வழியே 100 நானோஆம்பியர் பாய்ந்தால் 0.1 வோல்ட் விலகல் உண்டாகும். மெதுவான வேகங்களில் அலை ஒருபக்கம் சாய்ந்து, ஏற்றம் நீண்டும் இறக்கம் குறுகியும் போக அதுவே காரணமாகிவிடும்.

மாற்றுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிஎல்022 இந்தப் பணிக்குப் பழமையான, மதிப்புமிக்க தேர்வு. 1979இல் வந்த பாஸ் சிஇ-2 கோரஸ் பெடலின் எல்எஃப்ஓவில் இருப்பது அதுவே. அதன் புரட்டல் டிஎல்062ஐவிட மென்மையானது, எனவே பழைய வரைபடத்தில் டிஎல்022 என்று குறித்திருந்து, அது உங்களுக்குக் கிடைக்கவும் செய்தால் அதையே பயன்படுத்துங்கள். எல்எம்358 மலிவானது, எங்கும் கிடைப்பது, புரட்டலும் மிக மெதுவானது. அதன் வெளியீடு தரைக்கு மிக அருகில் வரை இறங்கக்கூடியது. இந்தக் கடைசிப் பண்பை நம்பி வரைந்த சுற்றில் டிஎல்062ஐச் செருகினால் அலை முழு ஆழத்துக்கு இறங்காது, சில வேளைகளில் அலையே எழாமல் நின்றுவிடவும் கூடும். அத்தகைய பெடலில் எல்எம்358 தன் இடத்திலேயே இருக்கட்டும். பழைய இருமுனை வகை 555 டைமர் ஐசியை எல்எஃப்ஓவாகப் பயன்படுத்தும் சுற்றுகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நிலை மாறும் நொடியில் அது இழுக்கும் மின்னோட்டத்தை அடக்கப் படும் பாட்டுக்கு வேறொரு பெடலையே கட்டி முடித்துவிடலாம். அந்த வரைபடத்தையே கட்ட விரும்பினால் அதன் சிமாஸ் வகையான 7555ஐ வாங்குங்கள்.

டிஎல்062இன் குறைகளையும் சொல்ல வேண்டும். எல்இடியும் ஒளியுணர் மின்தடையும் சேர்ந்த ஒளியிணைப்பானை நேரடியாக இயக்கும் டிரெமோலோக்களுக்கு இது ஏற்றதல்ல. அந்த எல்இடிக்குத் தேவையான மின்னோட்டத்தை இந்த ஐசியால் தாராளமாகத் தர இயலாது. ஒளி மங்கி, அசைவின் ஆழம் குறைந்துவிடும். இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்தால் இது தீரும். இரண்டாவதாக, இதை ஒலிப்பாதையில் வைக்கவே கூடாது. இதன் உள்ளார்ந்த இரைச்சல் டிஎல்072இன் இரைச்சலைப் போல இருமடங்குக்கும் மேல். 'டிக்' ஒலியை ஒழித்துவிட்டு 'உஸ்' என்ற இரைச்சலை வரவேற்பதில் பயனில்லை. ஒலிக்கு டிஎல்072, எல்எஃப்ஓவுக்கு டிஎல்062 என்று பிரித்துவைப்பதே முறை. ஒரே ஐசியின் ஒரு பாதியை ஒலிக்கும் மறுபாதியை எல்எஃப்ஓவுக்கும் பயன்படுத்தும் வரைபடங்களில் இந்தப் பிரிவினை செய்யவே வழியில்லை, அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். மலிவு விலைப் பொட்டலங்களில் மேற்பரப்பைத் தேய்த்து வேறு பெயரை அச்சிட்ட ஐசிகள் வருவதுண்டு. டிஎல்062 என்று எழுதியிருந்தும் உள்ளே வேறொன்று இருந்தால் மாற்றியதன் பயன் தெரியவே தெரியாது. சரிபார்ப்பது எளிது. ஒரு பிரெட்போர்டில் ஐசியைச் செருகி, இரண்டு ஆப்-ஆம்ப்களின் வெளியீட்டையும் அவற்றின் எதிர் உள்ளீட்டோடு இணைத்து, நேர் உள்ளீடுகளை 4.5 வோல்ட் புள்ளியில் கட்டி, 9 வோல்ட் கம்பியில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்து மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். 4.5 வோல்ட் தரும் மின்தடைகளை மீட்டருக்கு முன்பாகவே இணைத்துவிட்டால், அவை எடுக்கும் மின்னோட்டம் அளவீட்டில் கலக்காது. உண்மையான டிஎல்062 ஏறக்குறைய 0.4 மில்லிஆம்பியர் காட்டும். 2 அல்லது 3 மில்லிஆம்பியர் காட்டினால் அது டிஎல்072 வகையைச் சேர்ந்தது, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சதுர அலையாலேயே ஒலியை வெட்டும் டிரெமோலோ வைத்திருப்போர் இந்த ஐசிக்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை. அங்கே ஒலியின் அளவே ஒரே கணத்தில் தாவுவதால் உண்டாகும் 'டிக்', மின்வழங்கலோடு தொடர்பற்றது. தந்தியை மீட்டும்போது மட்டும் கேட்பதும், மீட்டாதபோது மறைவதும் அதன் அடையாளம். கட்டுப்பாட்டு மின்னழுத்தம் செல்லும் பாதையில் 10 கிலோஓம் மின்தடையையும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் சேர்த்தால், அந்தத் தாவல் ஏறக்குறைய 10 மில்லிநொடிக்கு நீண்டு மென்மையாகிவிடும். அதற்கு மேலும் மென்மை வேண்டுமானால், மின்தேக்கியின் மதிப்பைச் சிறிது சிறிதாக உயர்த்தி, வெட்டு தன் கூர்மையை இழக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.