மோட்டார்ஹோம் ரேடியோ மாத்தின கதை: வீட்டுக்கே வந்த ஃபிட்டரும் ஸ்க்ரீன் இல்லாத ஸ்டீரியோவும்

முழுசா படிக்க நேரமில்லாதவங்களுக்கு மொதல்லயே ரேட்டிங் சொல்லிடறேன். வீட்டு வாசலுக்கு வேன்ல வந்து வேலை பாத்துட்டு போன ஃபிட்டருக்கு 5க்கு நாலரை. அவர் மாட்டின ஸ்க்ரீன் இல்லாத சாதா ஸ்டீரியோவுக்கு நாலு. முன் கண்ணாடில ஒட்டற டிஏபி (டிஜிட்டல் ரேடியோ) ஆன்டெனாவுக்கு ரெண்டு, அதுவும் போனா போகுதுன்னு. வண்டி வாங்கின டீலர்கிட்ட போய்ட்டு வந்ததுக்கு ரேட்டிங்கே கிடையாது.

வண்டி ஃபியட் டுகாட்டோ மேல கட்டின மோட்டார்ஹோம், 2015 மாடல், செகண்ட் ஹேண்ட். நாங்க இருக்கறது இங்கிலாந்துல லெஸ்டர் பக்கம். ஊர்ல இருக்கறவங்களுக்கு எப்படி சொல்றதுன்னா, ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோவுக்கு ஒரு கேரவன் நிக்கும் பாருங்க, அத டிரைவர் வைக்காம நாமளே ஓட்டிட்டு ஊர் சுத்தினா எப்படியோ அதுதான். இதுல ஒரு விஷயம், டுகாட்டோவோட கேபினும் சேசிஸும்தான் ஃபியட் ஃபேக்டரில வரும், பின்னாடி கட்டில், சிங்க், டாய்லெட்னு வீட்ட கட்டறது வேற கம்பெனி. டேஷ்போர்டு ரேடியோவும் நிறைய வண்டில அந்த ரெண்டாவது கம்பெனியோ இல்ல விக்கற டீலரோ மாட்டறதுதான். அதனால வயர் எங்கேர்ந்து எடுத்தாங்க, எப்படி ஜாயிண்ட் போட்டாங்கன்றது வண்டிக்கு வண்டி மாறும், எந்த மேனுவல்லயும் இருக்காது.

எங்களோடதுல இருந்தது பேர் தெரியாத ஒரு டபுள் டின் (சாதா சிங்கிள் டின் ரேடியோவ விட ரெண்டு மடங்கு உயரம்) டச் ஸ்க்ரீன். பாக்க ஜம்முனு இருந்துச்சு. ரேடியோ, நேவிகேஷன், ப்ளூடூத், பின்னாடி கேமரா எல்லாமே அதுலயேதான். மொதல்ல கடிகாரம் அப்பப்ப ராத்திரி 12 மணிக்கு போய் நின்னுச்சு, சரி போகட்டும்னு விட்டோம், அப்புறம் சேவ் பண்ணி வச்ச ஸ்டேஷன் எல்லாம் அழிஞ்சுது, அப்புறம் பாட்டு சத்தத்த கொஞ்சம் ஏத்தினாலே செட்டு ஆஃப் ஆகி லோகோ காட்டி திரும்ப ஆன் ஆகும், வெயில் அடிச்சா ஸ்க்ரீன்ல இடது பக்கம் தொட்டா வலது பக்கம் வேலை செய்யும், கடைசியா ரிவர்ஸ் கியர் போட்டா கருப்பு ஸ்க்ரீன். பாட்டு இல்லாம ஓட்டிடலாங்க, ஆனா மோட்டார்ஹோம்ல பின்னாடி பாக்க உள் கண்ணாடி கிடையாது, பின்னாடி முழுக்க சுவரு. கேமரா போச்சுன்னா சைடு மிரர மட்டும் வச்சுதான் ரிவர்ஸ். வேல்ஸ்ல ஒரு கேம்ப்சைட்ல கொட்டற மழைல என் வீட்டம்மா இறங்கி நின்னு நம்ம ஊர் கண்டக்டர் கணக்கா "வரலாம் வரலாம்... ஹோல்டான்!"னு கத்த, பக்கத்து கேரவன்ல இருந்த வெள்ளைக்கார தாத்தா ஜன்னல திறந்து வச்சு ரசிச்சுட்டு இருந்தாரு.

இதோட கூடவே இன்னொரு தலைவலி, பேட்டரி. வண்டிய ஒரு வாரம் சும்மா நிறுத்தினா ஸ்டார்ட் ஆக திணறும். பேட்டரி பழசாச்சுன்னு டீலர் புது பேட்டரி போட்டு காசு வாங்கினாரு, புதுசும் அதே மாதிரி இறங்குச்சு. ரேடியோவ பத்தி கேட்டதுக்கு "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணி பாக்கலாம்", அப்புறம் "முழு மல்டிமீடியா யூனிட்டும் மாத்தணும், 850 பவுண்டு ஆகும், ஸ்டாக் வர நாளாகும்". ரெண்டு தடவையும் யாரும் ஒரு ஸ்க்ரூ கூட கழட்டி பின்னாடி என்னன்னு பாக்கல. வயிறு எரிஞ்சுது.

அப்புறம்தான் கார் ஆடியோ மட்டும் பண்ற ஒரு ஃபிட்டர பிடிச்சேன். கடை கிடையாது, ஒரு வேன்தான் கடை. போன் எடுக்க மாட்டாரு, மெசேஜ் போட்டா சாயங்காலம் பதில் வரும். டேஷ்போர்டு போட்டோ, ரேடியோவ சுத்தி இருக்கற பிளாஸ்டிக் ஃப்ரேம் போட்டோ, கேமரா எந்த மாதிரி, சோலார் இருக்கா, இதெல்லாம் கேட்டுட்டுதான் தேதியே குடுத்தாரு. சனி ஞாயிறு வர மாட்டேன்னுட்டாரு, அதுக்காக நான் லீவு போட வேண்டியதா போச்சு, வந்ததும் சொன்ன நேரத்துக்கு ஒன்னரை மணி நேரம் லேட்டு. அந்த அரை மார்க் குறைஞ்சது அதுக்குத்தான்.

ஆனா வேலைன்னா வேலை. வந்த உடனே புது செட்ட எடுத்து வெளிய வைக்கல. பழைய செட்ட வெளிய இழுத்து, மீட்டர் எடுத்து, பின்னாடி இருக்கற ஐஎஸ்ஓ கனெக்டர்ல, அதாவது ரேடியோ வயர் எல்லாம் வந்து சேர்ற பிளக்ல, வச்சாரு. இது தெரியாதவங்களுக்கு: கார் ரேடியோவுக்கு ரெண்டு 12 வோல்ட் லைன் வரும், கடைல வாங்கற செட்டுல வழக்கமா மஞ்சள் வயர் எப்பவும் கரண்ட் இருக்கறது, கடிகாரமும் ஸ்டேஷன் மெமரியும் இதாலதான் உயிரோட இருக்கும், சிவப்பு சாவி போட்டா மட்டும் வரது, கருப்பு எர்த். மஞ்சள்ல வச்சா 12.5 வோல்ட் காட்டுச்சு. நான் சரியாத்தானே இருக்குன்னு நெனச்சேன். அவர் பேசாம செட்ட ஆன் பண்ணி வால்யூம ஏத்த சொன்னாரு, 12.5, 11, 10, சர்ருனு 9 பக்கம் வந்து செட்டு அணைஞ்சுது. லோடு இல்லாதப்ப வோல்ட் நல்லா காட்டும், இழுக்கும்போதுதான் ஜாயிண்டோட லட்சணம் தெரியும்னாரு. அப்புறம் டார்ச் அடிச்சு அந்த மஞ்சள் வயர் பின்னாடியே போனாரு. கேமராவுக்கு கரண்ட் எடுக்கறதுக்காக யாரோ அந்த வயர்ல ஸ்காட்ச்லாக் போட்டு கடிச்சு விட்டுருக்காங்க, இன்சுலேஷன உரிக்காம அழுத்தி மாட்டற நீல கலர் கிளிப் இருக்கும்ல அது. அத திறந்தா உள்ள பச்சை பச்சையா களிம்பு, காப்பர் இழைல பாதி அறுந்து கிடக்கு. விரலால லேசா இழுத்தாரு, கையோட வந்துருச்சு.

அத வெட்டி எறிஞ்சு, கிரிம்ப் பண்ணி (நசுக்கி இணைச்சு), ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி பிடிக்கற உறை) போட்டு, திரும்ப பழைய செட்டையே மாட்டி ஆன் பண்ணாரு. வால்யூம் எவ்வளவு ஏத்தினாலும் ரீஸ்டார்ட் ஆகல. அட, இதோட முடிஞ்சுதா, காசு மிச்சம்னு நான் மனக்கோட்டை கட்டறதுக்குள்ள, ரேடியோ ஃப்யூஸ கழட்டி அந்த இடத்துல மீட்டர மாட்டினாரு. செட்ட ஆஃப் பண்ணி, சாவிய எடுத்து, கொஞ்ச நேரம் விட்டு பாத்தா 0.3 ஆம்பியர் ஓடிட்டே இருக்கு. ஆஃப்ல இருக்கற நல்ல ரேடியோ சில மில்லி ஆம்பியர்தான் இழுக்கணும், இது தூங்கவே மாட்டேங்குது. கணக்கு போட்டு பாருங்க, 0.3ன்னா ஒரு நாளைக்கு 7 ஏஹெச்சுக்கு (ஆம்பியர்-அவர், பேட்டரி கொள்ளளவோட அளவு) மேல, 95 ஏஹெச் பேட்டரி ஒரு வாரத்துல பாதி காலி. புது பேட்டரிய தின்னது யாருன்னு அப்பதான் தெரிஞ்சுது. ஆக வயரும் கெட்டுருக்கு, செட்டும் கெட்டுருக்கு. டீலர் சொன்ன மாதிரி 850 குடுத்து செட்ட மட்டும் மாத்தியிருந்தா அந்த ஸ்காட்ச்லாக் அப்படியே இருந்து புதுசும் அதே கூத்துதான் அடிச்சிருக்கும்.

இனிமே என்ன மாட்டறதுன்றதுல எனக்கும் என் பையனுக்கும் சண்டை. அவனுக்கு பெரிய ஸ்க்ரீன் வேணும். ஃபிட்டர் சொன்னது எனக்கு பிடிச்சுது: கேமராவ ரேடியோ தலைல கட்டாதீங்க, ஒண்ணு செத்தா இன்னொண்ணும் சாகும். அதனால உள் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்துல ஒரு மிரர் மானிட்டர், பழைய கேமராவே அதுக்கு வேலை செஞ்சுது. ரேடியோ இடத்துல சிங்கிள் டின் ஸ்டீரியோ, சிடி கிடையாது, ஸ்க்ரீன் கிடையாது, ஒரு நாப், ஆறு பட்டன், யுஎஸ்பி, ப்ளூடூத், டிஏபி. டபுள் டின் ஓட்டைல சிங்கிள் டின் வச்சா கீழ பாதி காலியா இருக்கும், அதுக்கு டப்பா மாதிரி ஒரு பாக்கெட் வச்ச ஃப்ரேம் கிடைக்குது. இப்ப அதுல மூக்கு கண்ணாடி, ஃபெர்ரி டிக்கெட், பாதி தின்ன கடலை மிட்டாய் எல்லாம் கிடக்கு. டச் ஸ்க்ரீன விட அந்த பாக்கெட்டுதான் உபயோகமா இருக்குன்னு வீட்டம்மா தீர்ப்பு.

கரண்ட் கனெக்‌ஷன்லதான் ஆளோட அனுபவம் தெரிஞ்சுது. கார்னா சாவிய எடுத்தா ரேடியோ அணையறது சரி. மோட்டார்ஹோம்ல வண்டிய நிறுத்தின பிறகுதானே பாட்டே கேக்கறோம்? சாவிய போட்டே வச்சா வேற என்னென்னமோ ஆன்லயே இருந்து ஸ்டார்ட்டர் பேட்டரி இறங்கும். அவர் மஞ்சள், சிவப்பு ரெண்டையும் சேர்த்து, தனியா ஃப்யூஸ் போட்டு, பின்னாடி வீட்டுக்கு கரண்ட் குடுக்கற லெஷர் பேட்டரிலேர்ந்து எடுத்துட்டாரு. அத மேல இருக்கற சோலார் சார்ஜ் பண்ணிக்கும், வண்டி ஸ்டார்ட் பண்ற பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் இனிமே சம்பந்தமே இல்ல. ஒரே ஒரு விஷயம், பட்டன அமுக்கி நாமதான் அணைக்கணும், சாவிய எடுத்தா தானா அணையாது. மாசக்கணக்கா வண்டிய நிறுத்தறப்ப ஃப்யூஸையே பிடுங்கிடுங்கன்னும் சொல்லிட்டு போனாரு.

டிஏபி பத்தி கொஞ்சம். சத்தம் சூப்பர், இரைச்சலே கிடையாது, ஆனா சிக்னல் குறைஞ்சா எஃப்எம் மாதிரி கரகரன்னாவது ஓடாது, கொஞ்சம் களக் களக்னு தண்ணி கொப்பளிக்கற சத்தம், அப்புறம் மௌனம். மலைப்பக்கம் போனா இதுதான் கதி. ஆனா யூரோப்ல சில நாட்டுக்கு வண்டிய எடுத்துட்டு போறவங்களுக்கு டிஏபி இல்லாம கஷ்டம், நார்வேல 2017லயே தேசிய ஸ்டேஷன் எல்லாத்தோட எஃப்எம்மையும் நிறுத்திட்டாங்க, சுவிட்சர்லாந்துல அரசு ஸ்டேஷன் எல்லாம் 2024 டிசம்பரோட நிறுத்திட்டாங்க. செட்டு வாங்கறப்ப டிஏபி பிளஸ் (டிஏபியோட புது வடிவம்) இருக்கான்னு பாத்து வாங்குங்க, வெறும் டிஏபின்னா நிறைய ஸ்டேஷன் வரவே வராது.

இந்த டுகாட்டோல எஃப்எம் ஆன்டெனா சைடு மிரருக்குள்ள இருக்கு, எங்க வண்டில அதுலேர்ந்து டிஏபி எடுக்க முடியாதுன்னுட்டாரு. அதனாலதான் அந்த ஸ்டிக்கர் ஆன்டெனா. மெல்லிசா ஒரு ஃபிலிம், கண்ணாடில ஒட்டி, அதோட ஒரு காலு கண்ணாடி ஓரத்து பில்லர் இரும்புல எர்த் ஆகணும். ஃபிட்டர் பிளாஸ்டிக்க கழட்டி பெயிண்ட சுரண்டி ஒழுங்காத்தான் ஒட்டினாரு. ஆனாலும் குளிர்காலத்துல கண்ணாடில வேர்த்து ஈரம் இறங்கி ஒரு மூலை உரிஞ்சு வந்துருச்சு, வயரும் பல்லிவால் கணக்கா தொங்குது. இன்னொரு கூத்து, டேஷ்கேம் ஆன் பண்ணா பாதி ஸ்டேஷன் காணாம போகும். சிகரெட் லைட்டர்ல சொருகற மலிவு சார்ஜர்லேர்ந்து வர இரைச்சல் டிஏபிய அடிச்சுடுமாம், கொஞ்சம் நல்ல சார்ஜரா மாத்தி, அந்த வயர ஆன்டெனாகிட்டேர்ந்து தள்ளி கொண்டு போன பிறகுதான் சரியாச்சு. உங்களுக்கும் சிக்னல் வரலன்னா செட்ட திட்டறதுக்கு முன்னாடி சார்ஜர், எல்ஈடி லைட்டு எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பிடுங்கி பாருங்க.

ஸ்டீரியோல குறைன்னா டிஸ்ப்ளே சின்னது, மதிய வெயில்ல ஒரு எழுத்து தெரியாது. போன் பேசற மைக் டீசல் இன்ஜின் சத்தத்துல தண்டம், எங்கம்மா ஊர்லேர்ந்து கூப்பிட்டா "என்னப்பா மில்லுல வேலை பாக்கறியா"ன்றாங்க. பிடிச்சது அந்த நாப், ரோட்டுலேர்ந்து கண்ண எடுக்காம திருப்பலாம். அப்புறம் ஃபேடர். பின்னாடி உக்கார்ற இடத்துலயும் ரெண்டு ஸ்பீக்கர் இருக்கு, புள்ளைங்க தூங்கினா சத்தம் முன்னாடி மட்டும், நின்ன பிறகு பின்னாடி மட்டும். பழைய டச் ஸ்க்ரீன்ல இதுக்கு மூணு மெனு உள்ள போகணும்.

மொத்த செலவு: ஸ்டீரியோ 110 பவுண்டு, ஃப்ரேமும் கனெக்டரும் 35, மிரர் மானிட்டர் 80, அந்த ஆன்டெனா 25, கூலி 160. ஆக 410. ஃபிட்டர் பேர இங்க போடல, அவர் எங்க ஏரியாவ தாண்டி வர மாட்டாரு. உங்க ஊர்ல தேடறப்ப ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "பழைய செட்ட எடுக்கறதுக்கு முன்னாடி லோடு குடுத்து வோல்ட் பாப்பீங்களா?" என்னத்துக்குன்னு திருப்பி கேட்டாருன்னா அடுத்த ஆள பாருங்க. பழைய செட்ட ஸ்பேர் பார்ட்ஸ்னு போட்டு வித்தேன், 20 பவுண்டு வந்துச்சு, ராத்திரில கூட பேட்டரி குடிக்கும்னு விவரமா எழுதித்தான் போட்டேன், அப்படியும் ஒருத்தர் வாங்கிட்டு போயிருக்காரு.