எட்டு ஆண்டுகளாக என் தோளில் தொங்கும் நிக்கான் டி500

மூத்த பேரன் 2018இல், இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை முதலாம் ஆண்டில், வலைக்கு மேலே பந்தைக் காலால் அடித்து ஆடும் செப்பாக் தக்ராவ் குழுவில் சேர்ந்தான். அவன் ஆட்டத்தைக் கைப்பேசியில் எடுத்துப் பார்த்தேன். பந்து இருந்தால் பையன் இல்லை, பையன் இருந்தால் கால் இல்லை. அடுத்த வாரமே பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போய், யாரோ ஒருவர் பயன்படுத்திய டி500 கேமராவும், தூரத்தில் இருப்பதை அருகே இழுக்கும் 70-200 எஃப்/2.8 லென்ஸும் வாங்கி வந்தேன். வீட்டில் விலை கேட்டார்கள். பாதிதான் சொன்னேன்.

பெற்றோர் ஆதரவுக் குழு வழியாக அந்தப் பள்ளிக்கு அன்றிலிருந்து தொண்டூழியமாகப் படம் எடுத்து வருகிறேன். மாணவர் படங்களை நான் எங்கும் போடுவதில்லை. எல்லாவற்றையும் பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுவேன்; எது வெளியே போகலாம் என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் வேகத்தில் குறையே இல்லை. விநாடிக்கு 10 படம். என் கைக்கு அதுவே அதிகம். ஒரு சர்வீஸுக்கு இருபது படம் எடுத்துவிட்டு, இரவு உட்கார்ந்து பதினெட்டை அழிப்பது யார்? இப்போதெல்லாம் மூன்று மூன்றாகத்தான் அழுத்துகிறேன். ஃபோக்கஸைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிக்கொண்டது பெரிய உதவி. ஷட்டரைத் தொடாமலே ஆளைப் பிடித்து வைத்திருக்கலாம்.

உண்மையான சோதனை உள்ளரங்கில்தான். செப்பாக் தக்ராவ் களம் சிறியது: 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். 'கில்லர்', அதாவது வலையோரம் பந்தை ஓங்கி அடிப்பவர், எகிறி, காற்றிலேயே புரண்டு, தலைக்கு மேலே காலைக் கொண்டுபோய் அடித்துவிட்டு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஷட்டரை ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியைவிட மெதுவாக விட்டால் பாதம் பஞ்சு மிட்டாய் மாதிரி கலைந்துபோகும். வலைக் கம்பத்திலிருந்து இரண்டு மூன்று எட்டு தள்ளி, கோட்டுக்கு வெளியே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தால் காலும் முகமும் ஒரே படத்தில் கிடைக்கும். எழுந்திருப்பதுதான் பாடு.

முதல் ஆண்டு ஒன்று என்னைப் படுத்தி எடுத்தது. அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்றில் ஜெர்சி வெள்ளை, அடுத்ததில் மஞ்சள், அதற்கடுத்ததில் பாதி இருட்டு. லென்ஸ் கெட்டுவிட்டதென்றே நினைத்தேன். குற்றவாளி கூரை விளக்கு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். நம் கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். மெனுவில் 'ஃபிளிக்கர் ரிடக்‌ஷன்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் விளக்கு உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்துக் கேமரா படமெடுக்கும். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஒரு பருவம் முழுக்க மஞ்சள் பையன்களை எடுத்த பிறகே இதைக் கண்டுபிடித்தேன்.

இன்னொன்று, நம் ஊர் ஈரப்பதம். எம்ஆர்டி ரயில் குளிரிலிருந்து நேரே திடலுக்குப் போய்ப் பையைத் திறந்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். பேத்தியின் முதல் ஹாக்கி ஆட்டத்தில், அவள் அடித்த ஒரே கோலின்போது என் லென்ஸ் அப்படித்தான் இருந்தது. இப்போது அரை மணி நேரம் முன்னதாகப் போய், பையை மூடியபடியே வெயிலுக்குப் பழக விடுகிறேன். வீட்டில் டிரை கேபினட், அதாவது ஈரம் அண்டாத அலமாரி, கட்டாயம். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

கோவிட்டால் 2020இல் தேசியப் பள்ளி விளையாட்டுகள் நின்றுபோயின. 2022இல்தான் மறுபடி தொடங்கின. மூத்தவனின் 'பி' டிவிஷன் (உயர்நிலை மூன்று, நான்கு) ஆண்டுகள் இரண்டும் அதற்குள் போய்விட்டன. அவன் ஆடிய படங்கள் என்று என்னிடம் இருப்பவை எல்லாம் பதின்மூன்று பதினான்கு வயதுப் பையனுடையவைதாம். அவன் பள்ளியை விட்டுப் போன பிறகும் நான் போவதை நிறுத்தவில்லை. மலாய்ப் பையன்கள் 'பாக்சிக்' என்கிறார்கள், மற்றவர்களுக்கு அங்கிள். "அங்கிள், என் படம் இருக்கா?" என்று முதலில் வந்து கேட்பது எப்போதும் மாற்று ஆட்டக்காரன்தான். அதனால் ஆட்டம் தொடங்குமுன் பெஞ்சில் இருப்பவர்களை எடுத்து முடித்துவிடுவேன். திடலில் மின்னல் எச்சரிக்கை ஒலித்து எல்லாரும் கூரைக்கடியில் ஒதுங்கும் நேரமும் இதற்கு நல்ல நேரம்.

இனி எடை. கேமரா 860 கிராம், லென்ஸ் 1,540 கிராம், ஆக 2.4 கிலோ. அறுபத்திரண்டில் தெரியவில்லை, எழுபதில் தோள்பட்டை சொல்கிறது. ஒற்றைக்கால் ஸ்டாண்டு கொஞ்சம் காப்பாற்றுகிறது. உள்ளரங்குக்கு இப்போது 85 எஃப்/1.8 லென்ஸ் மட்டும்தான், வெறும் 350 கிராம். எஃப் எண் குறைந்தால் லென்ஸ் வாங்கும் வெளிச்சம் கூடும். 2.8இல் ஐஎஸ்ஓ (இருட்டுக்காகக் கேமராவில் கூட்டும் ஒளி உணர்திறன்) 6400 கேட்ட அரங்கில் இது 2500லேயே முடித்துவிடுகிறது, படமும் சுத்தமாக இருக்கிறது. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பாதி விலையை மறைக்க வேண்டியிருந்திருக்காது.

ஹாக்கித் திடலுக்கு மட்டும் பெரிய லென்ஸ் இல்லாமல் ஆகாது. மூத்தவன் இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் தங்கையின் ஆட்டத்துக்கு அவனும் வருவான். பையை அவன் தூக்குகிறான். "நானும் ரெண்டு எடுக்கிறேனே, தாத்தா" என்கிறான். இன்னும் கொடுக்கவில்லை.