மெரினா மரப்பாதையில் அம்மாவோடு

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சென்னை வருகிறவர்களுக்கு எங்கே போகலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வண்டலூர், கிண்டி, எழும்பூர் மியூசியம் என்று வாய் ஓயாமல் சொல்வார்கள். கூடவே நடக்க முடியாத பாட்டியும் வருகிறார் என்றால் அவர்களிடமும் பதில் இல்லை. “பாட்டி வீட்டில் இருக்கட்டுமே” என்று எத்தனை பேர் எங்களிடம் சொன்னார்கள்! பேரப்பிள்ளைகளோடு இருப்பதற்காகவே காத்துக் கிடந்தவரை வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளைகளை முதலையைப் பார்க்கக் கூட்டிப்போவதற்கா மெல்போர்னிலிருந்து வந்தோம்?

அம்மா திருவல்லிக்கேணிக்காரர். சாயங்காலம் பார்த்தசாரதி கோயில், அப்படியே கடற்கரை, கையில் சுண்டல் பொட்டலம். அவர் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அதுதான் வழக்கம். பக்கவாதம் வந்த பிறகு கடலை அவர் பார்ப்பதெல்லாம் காமராசர் சாலையில் கார் ஜன்னல் வழியாகத்தான். அங்கிருந்து என்ன தெரியும்? துறைமுகம் வந்த காலத்திலிருந்து வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கித் தேங்கி, மெரினா முந்நூறு மீட்டருக்கு அகன்று கிடக்கிறது. கால் நன்றாக இருப்பவர்களே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க நடக்கிற தூரம். வீல்சேர் சக்கரம் இரண்டடியில் புதைந்து நின்றுவிடும்.

விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை போட்டிருக்கிறார்கள் என்று செய்தியில் படித்திருந்தேன். 2022 நவம்பரில் திறந்தார்கள், 263 மீட்டர் நீளம். திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் வந்து கடைசிப் பகுதியைப் பிய்த்துப் போட்டது. அந்தப் படத்தைப் பார்த்தபோது, சரி, நம் ஊரில் ஒன்று உடைந்தால் உடைந்ததுதான் என்று நினைத்து வயிறு எரிந்தது. ஆனால் சரிசெய்திருக்கிறார்கள். உறுதியாக நிற்கிறது. அதற்கு முன்பெல்லாம் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டு எடுத்துவிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் கடல் பார்க்க அனுமதி என்பது போல. அதை ஏற்றுக்கொள்ளாமல் விடாமல் கேட்டவர்களுக்கு அம்மா சார்பில் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பலகையில் சக்கரம் ஏறியதும் தடதடவென்று ஒரு சத்தம். மகன் முன்னால் ஓடினான். மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். பாதையின் குறுக்கே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள், நான் வாய் திறப்பதற்குள் எழுந்துவிட்டார்கள். அதில் ஒரு பையன், “ஆயா, உள்ள போங்க, காத்து சூப்பரா இருக்கு” என்றான். அம்மா அவனுக்குக் கை கூப்பினார். பாதி தூரத்துக்கு மேல் காற்று மாறியது. அம்மா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். “கிட்டக்க வந்தாதான்டா இந்த வாடை” என்றார்.

பாதை முடிகிற மேடையிலிருந்து அலை இன்னும் கொஞ்ச தூரம். மகன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டு, அவன் அம்மாவோடு போய்க் கடல்தண்ணீர் பிடித்து வந்து பாட்டியின் காலில் ஊற்றினான். போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே அவர் புடவையை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். மறுபடி ஓடினான். வெயில் ஏறும் வரை இதே விளையாட்டுதான். இந்தப் பயணத்தில் குழந்தைகள் அதிகம் சிரித்தது இங்கேதான்.

மெல்போர்னில் கோடைக்காலத்தில் சில கடற்கரைகளில் மணல்மேல் பாய் விரிப்பார்கள். தண்ணீருக்குள்ளேயே இறங்கும் பெரிய சக்கர நாற்காலியும் இரவல் கிடைக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவை நினைத்து மனசு கனத்திருக்கிறது. நம் ஊரில் வராது என்று அங்கே உட்கார்ந்து எத்தனை தடவை பேசியிருப்போம்! வந்திருக்கிறது. அங்கே பாய்தான், இங்கே மரத்தில் போட்டிருக்கிறார்கள்.

அதே வாரத்தில்தான் இன்னொரு பூங்காவுக்கும் போனோம். வாசலில் அருமையான சாய்தளம், கைப்பிடி எல்லாம் உண்டு. ஆனால் பைக் ஏறிவிடும் என்று குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டு! சாவி யாரிடம் என்று கேட்டால் சாப்பிடப் போயிருக்கிறாராம். உச்சி வெயிலில் அம்மா வெளியே, ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்துவிட்ட குழந்தைகள் உள்ளே. “நீங்க பாத்துட்டு வாங்கடா, நான் நிழல்ல இருக்கேன்” என்று அம்மா சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லோரும் திரும்பிவிட்டோம். கட்டத் தெரிந்தவர்களுக்குத் திறந்து வைக்க ஏன் மனம் வரவில்லை? பைக்கைத் தடுக்க வேறு வழியே இல்லையா?

மற்ற இடங்கள் சுருக்கமாக. எழும்பூர் மியூசியம் அம்மாவுக்கு இன்னும் ‘செத்த காலேஜ்’தான், பழைய சென்னைக்காரர்கள் அதை அப்படித்தான் சொல்வார்கள். 1851இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. சோழர் செப்புச் சிலைகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். வண்டலூர் உயிரியல் பூங்கா செவ்வாய்க்கிழமை கிடையாது. 602 ஹெக்டேர் என்பதால் பேட்டரி வண்டி இல்லாமல் பெரியவர்களால் சுற்றவே முடியாது. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கத்தில் தமிழிலும் காட்சி உண்டு. அண்ணா நூற்றாண்டு நூலகத்தைச் சுற்றுலாப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். முதல் மாடி முழுக்கக் குழந்தைகள் பகுதி, லிப்ட் இருக்கிறது, காசு கிடையாது. மகளைக் கிளப்பிக்கொண்டு வருவது பெரும்பாடாகிவிட்டது. மெட்ரோ நிலையங்களிலும் லிப்ட் உண்டு, அம்மாவோடு தைரியமாகப் போனோம்.

மெரினாவுக்கு ஞாயிறு சாயங்காலம் மட்டும் போக வேண்டாம். காலை ஆறு மணிக்குப் போய் எட்டுக்குள் திரும்பிவிட்டால் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. மடக்கு வீல்சேரை நீங்களே எடுத்துப்போங்கள், காலி பாட்டில் ஒன்றும், துடைக்க ஒரு துண்டும்.