ஆடிப் பெருக்கு முதல் மார்கழி வரை: ஓர் அச்சகத்தின் டிசைன் பிரிவில் டிரெல்லோ

சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்களை ஆடிப் பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவது வழக்கம். அன்று தொடங்கி டிசம்பர் கடைசி வரை டிசைன் பிரிவில் இருப்பவர்களுக்கு நாள் கிழமை தெரியாது. ஊருக்கெல்லாம் தேதி கிழிக்கத் தாள் அச்சடித்துக் கொடுக்கும் நமக்கு நம்முடைய தேதி மட்டும் நினைவில் நிற்பதில்லை என்று நாங்களே கேலி பேசிக்கொள்வதுண்டு. எட்டுப் பேர் கொண்ட அப்படியொரு பிரிவைக் கவனித்துக்கொள்ளும் நான், கடந்த இரண்டு பருவங்களாக, எந்த வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் டிரெல்லோ செயலியின் இலவசத் திட்டத்தைப் பயன்படுத்தி வருகிறேன்.

இதற்கு முன்பு வேறொரு நேரக்கணக்குச் செயலியை வாங்கி ஒரு பருவம் ஓட்டிப் பார்த்தோம். அதன் பெயர் இங்கே தேவையில்லை. யார் எந்த வேலையில் எத்தனை நிமிடம் செலவிட்டார் என்பதை அது வண்ண வண்ண வரைபடங்களாகக் காட்டியது. அந்த வரைபடங்களின்படி எல்லோரும் நாள் முழுவதும் ஓயாமல் உழைத்தார்கள். ஆனாலும் ஆர்டர்கள் தாமதமாகவே வெளியேறின. தேநீர் குடிக்கப் போகும்போதுகூடக் கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டியிருந்ததில் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட மனக்கசப்புதான் அந்தப் பருவத்தின் மிச்சம்.

டிரெல்லோ நேரத்தை அளப்பதே இல்லை. 2011ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஃபாக் கிரீக் நிறுவனத்தில் உருவாகி, 2017இல் 42.5 கோடி டாலருக்கு அட்லாசியன் நிறுவனத்தின் கைக்குப் போன இந்தச் செயலியின் அடிப்படை மிக எளியது: திரையில் ஒரு பலகை, பலகையில் சில பத்திகள், பத்திகளுக்குள் வேலைக்கு ஒன்றாக அட்டைகள். வேலை நகர நகர, அட்டையை விரலால் இழுத்து அடுத்த பத்தியில் போட வேண்டும். டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வகுத்த, வேலையின் நிலையை அட்டைகளால் காட்டும் கான்பான் முறையின் வழிவந்த ஏற்பாடு இது. எங்கள் பலகையில் ‘ஆர்டர் வந்தது’, ‘டிசைன்’, ‘ப்ரூப் போயிருக்கிறது’, ‘திருத்தம்’, ‘பிளேட்டுக்குப் போகலாம்’, ‘முடிந்தது’ என ஆறு பத்திகள். (ப்ரூப் என்பது வாடிக்கையாளர் பார்த்துச் சம்மதிக்க அனுப்பும் மாதிரி, பிளேட் என்பது அச்சுத் தகடு.) தமிழிலேயே எழுதுகிறோம், எழுத்து எங்கும் உடைவதில்லை.

முதல் இரண்டு வாரங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. ‘டிசைன்’ பத்தியில் அட்டைகள் குறைவாகவே இருந்தன. ‘ப்ரூப் போயிருக்கிறது’ பத்தியோ திரையின் அடிவரை நீண்டு, உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. நகைக்கடைக்காரர் ப்ரூப்பைப் பார்த்து ஓகே சொல்வதற்கும், ஜவுளிக்கடைக்காரர் தம் தந்தையாரின் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்வதற்கும் எடுத்துக்கொள்ளும் நாட்களில்தான் எங்கள் காலம் கரைந்துகொண்டிருந்தது. ஒரு பார்ட்டியின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கை சும்மா இருக்கக் கூடாதென்று அடுத்த ஆர்டரைத் தொடங்குவோம். அதுவும் ப்ரூப்புக்குப் போய் நிற்கும். பிறகு நான்கு திருத்தங்கள் ஒரே மாலையில் வந்து விழும். உழைப்பை அளந்த பழைய செயலிக்கு இந்தக் காத்திருப்பு தெரியவில்லை என்பதில் வியப்பில்லை, ஏனெனில் காத்திருக்கும் வேலைக்காக யாரும் கடிகாரத்தை ஓடவிடுவதில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய வரிசைக் கணக்கு ஒன்று இங்கே பொருந்தும். நாளொன்றுக்கு 4 வேலைகளை முடிக்கும் குழுவிடம் சராசரியாக 24 வேலைகள் பாதியில் நின்றால், ஒரு வேலை உள்ளே வந்து வெளியேறச் சராசரியாக 6 நாட்கள் ஆகும். முடிக்கும் வேகம் மாறாமல், பாதியில் நிற்பவற்றை 12 ஆகக் குறைத்தாலே அது 3 நாட்களாகிவிடும். இதை ஒட்டி, பத்திக்கு வரம்பு விதிக்கும் துணைக்கருவியை இணைத்து, ‘டிசைன்’ பத்தியில் எட்டு, ‘ப்ரூப் போயிருக்கிறது’ பத்தியில் பன்னிரண்டு என்று வைத்தோம். வரம்பு மீறினால் பத்தியின் நிறம் மாறுமே தவிர, அட்டை போடுவதை அது தடுக்காது. தடுத்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பொங்கல் வாழ்த்தோடு அமைச்சர் படம் போட்ட ஓர் அவசர ஆர்டர் வந்த அன்று அந்த எண்ணம் போயிற்று. நிறம் மாறினால் புது டிசைனைத் தொடங்காமல், பழைய ப்ரூப்புகளுக்காகத் தொலைபேசியை எடுக்க வேண்டும் என்பது மட்டுமே எங்கள் விதி. டிசைனர்களே பார்ட்டிகளை அழைத்துப் பேசுவது முன்பு எங்கள் பிரிவில் கேள்விப்படாத ஒன்று.

நெடுநாள் தொடாத அட்டைகளை மங்கச் செய்யும் இன்னொரு துணைக்கருவியும் உண்டு. ஒரு வாரம், இரண்டு வாரம், நான்கு வாரம் என அட்டை படிப்படியாக வெளிறும். விரும்பினால் கடற்கொள்ளையர் வரைபடம்போல் மஞ்சளித்துக் கிழியவும் செய்யும். தாளோடு வாழ்பவர்கள் என்பதாலோ என்னவோ, கிழியும் அட்டையைத்தான் எங்கள் பிரிவினர் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் எங்கள் தொழிலில் நியாயமாகவே கிடப்பில் இருக்க வேண்டிய அட்டைகளும் உண்டு. தமிழக அரசின் விடுமுறைப் பட்டியல் வெளிவரும்வரை தேதித் தாள்களை இறுதி செய்ய இயலாது. அவற்றையும் கந்தலாக்கிக் காட்டுவதால், அவற்றுக்கென்று வேறொரு பலகையை ஒதுக்கினோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. இலவசத் திட்டத்தில் ஒரு கோப்பு 10 எம்பிக்கு மேல் இருந்தால் அட்டையோடு இணைக்க முடியாது. அச்சுக்குப் போகும் எங்கள் கோப்புகள் அதற்குள் அடங்குபவை அல்ல என்பதால், அட்டையில் ப்ரூப் படத்தை மட்டும் வைத்து, மூலக்கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்று எழுதி வைக்கிறோம். செயலியில் ஒரு குழுவின் பலகைகள் அடங்கும் ‘பணியிடம்’ ஒன்றில் 10 பேருக்கு மேல் சேர முடியாது. எட்டுப் பேரோடு முதலாளியையும் பார்சல் அனுப்புபவரையும் சேர்த்ததும் இடம் நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும் விட எனக்கு உறுத்துவது, கெடு தேதிகளை மாதக் கட்டங்களில் ஒருசேரப் பார்க்கும் உள்ளமைந்த காட்சி கட்டணத் திட்டத்தில் மட்டுமே கிடைப்பது. காலண்டர் அடிப்பவன் காலண்டரைக் காசு கொடுத்துப் பார்ப்பதா என்ற வீம்பில், சுவரில் தொங்கும் எங்கள் சொந்தத் தயாரிப்பிலேயே கெடுக்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வருகிறோம். ஆர்டர்களெல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதால், அவற்றை அட்டையாக மாற்றும் வேலையும் ஒருவர் தலையில் விழுகிறது. காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மட்டும் அதைச் செய்வது என்று வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பிளேட் பிரிவின் மூத்தவர் முதல் நாளே கேட்டார்: “இதையே ஒரு போர்டுல சாக்பீஸால எழுதிப் போட்டா ஆகாதா தம்பி?” ஆகும். எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வேலை செய்யும் நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு நான் இந்தச் செயலியைப் பரிந்துரைக்க மாட்டேன். சுவரும் சாக்பீஸும் போதும், பலகை எப்போதும் கண்முன் இருக்கும் என்ற ஆதாயமும் உண்டு. எங்களில் மூவர் இரவு முறையில் வருகிறார்கள், இருவர் வீட்டிலிருந்து செய்கிறார்கள் என்பதாலேயே எங்களுக்குத் திரை தேவைப்பட்டது.

கட்டணத் திட்டத்துக்கு மாறும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. இந்த ஆடிக்கு ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறோம்: ‘ப்ரூப் போயிருக்கிறது’ பத்தியின் வரம்பைப் பன்னிரண்டிலிருந்து ஒன்பதாக்கியிருக்கிறோம். அதற்கு முதலாளியின் சம்மதம் வாங்கத்தான் இரண்டு வாரம் ஆயிற்று.