பேனா யார் கையில்? தன்பாலினத் திருமணமும் நான்கு நாடுகளும்

கிறிஸ்தவக் கல்யாணத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மோதிரம் மாற்றி, தாலி கட்டி, ஜெபமெல்லாம் முடிந்த பிறகு பெரிய பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்து விரிப்பார்கள். பொண்ணு, மாப்பிள்ளை, சாட்சிகள், பாதிரியார் என்று வரிசையாகக் கையெழுத்து விழும். "பேனாவை அப்படியே பிடிங்க, ஒரு நிமிஷம்" என்பார் போட்டோகிராபர். நமக்கு அதுவும் சடங்கில் ஒன்றுதான். ஆனால் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி, அந்த நேரத்தில் பாதிரியார் பிடித்திருப்பது அரசாங்கத்தின் பேனா.

தன்பாலினத் திருமணத்தை ஒட்டி மதத்துக்கும் அரசுக்கும் நடக்கும் வழக்கில் பாதி, அந்தப் பேனாவைப் பற்றியது. மதமும் அரசும் பிரிந்திருந்தால் இந்த உரிமை சுலபமாக வந்துவிடும், ஒட்டியிருந்தால் வராது என்று பொதுவாக நினைக்கிறோம். நான்கு நாடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது.

பிரான்சில் பாதிரியாரிடமிருந்து பேனாவைப் பிடுங்கியது 1792இல், புரட்சியின்போது. இன்றைக்கும் அங்கே கல்யாணம் என்றால் நகர மன்றம்தான். நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டையைக் குறுக்காக அணிந்த மேயர், சிவில் சட்டத்தின் பிரிவுகளை மணமக்களுக்கு வாசித்துக் காட்டுவார். மரியாதை, விசுவாசம், உதவி என்று 212ஆவது பிரிவு தொடங்கும். அதன் பிறகு கோயிலுக்குப் போவதும் போகாததும் அவரவர் பாடு. ஆனால் வரிசை மாறக் கூடாது. சிவில் திருமணம் ஆனதற்கான சான்றைப் பார்க்காமல் மதத் திருமணம் நடத்துவதை வழக்கமாக வைத்திருக்கும் பாதிரியாருக்கு 6 மாதம் வரை சிறை, 7,500 யூரோ வரை அபராதம்.

2013 மே மாதம் அங்கே தன்பாலினத் திருமணச் சட்டம் வந்தது. மே 29 அன்று மான்பெல்லியே நகரில் முதல் திருமணம். அதற்கு முன் அந்தச் சட்டத்தை எதிர்த்து லட்சக்கணக்கானவர்கள் பாரிஸ் தெருக்களில் திரண்டார்கள். ஆகவே, பிரித்து வைத்தால் சண்டை வராது என்பது கட்டுக்கதை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. "நாளைக்கு எங்கள் பாதிரியாரைக் கட்டாயப்படுத்துவார்கள்" என்ற பயத்துக்கு அங்கே வழியே இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் நடத்துவது திருமணமே இல்லையே! மாட்டிக்கொண்டவர்கள் மேயர்கள். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, விலக்கு வேண்டும் என்று சிலர் போனார்கள். அக்டோபர் 2013இல் அரசியலமைப்பு மன்றம் மறுத்துவிட்டது. நடத்த விரும்பும் சபைக்கோ தடையில்லை: பிரான்சின் ஐக்கிய புராட்டஸ்டண்ட் திருச்சபை 2015இல் தன்பாலின ஜோடிகளை ஆசீர்வதிக்கத் தன் போதகர்களை அனுமதித்தது. அரசாங்கத்தை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இங்கிலாந்து இதற்கு நேர் எதிர். மன்னர்தான் திருச்சபைக்குத் தலைவர், 26 ஆயர்கள் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பங்கில் (ஒரு கோயிலின் கீழ் வரும் வட்டாரத்தில்) குடியிருக்கும் எவருக்கும், விசுவாசி இல்லை என்றாலும், அந்தப் பங்குக் கோயிலில் திருமணம் செய்துகொள்ளும் உரிமை உண்டு. சிக்கலே இங்கேதான். தன்பாலினத் திருமணம் சட்டமானால் அந்த உரிமை அவர்களுக்கும் நீளுமே! அதனால் 2013 சட்டத்தில் நாலு பூட்டுப் போட்டார்கள் (திண்டுக்கல்காரர்கள் கவனிக்க). எந்த மத அமைப்பையும் குருவையும் கட்டாயப்படுத்த முடியாது. ஓர் அமைப்பு தானாக முன்வந்து ஒப்புக்கொண்டால்தான் நடத்தலாம். மறுத்தால் பாகுபாட்டு வழக்குப் போட முடியாது. நாலாவது பூட்டு, இங்கிலாந்து திருச்சபைக்கும் வேல்ஸ் திருச்சபைக்கும் அந்த முன்வரும் வாசலே கிடையாது.

முதல் மூன்றையும் ஒப்புக்கொள்ளலாம். நாலாவதுதான் உறுத்துகிறது. குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவச் சபையினர் விரும்பினார்கள், முன்வந்தார்கள், நடத்துகிறார்கள். மனமிருக்கும் ஆங்கிலிகன் குருவோ தன் கோயிலில் நடத்த முடியாது. அரசோடு ஒட்டியிருப்பதன் விலை அது.

அப்படியானால் ஒட்டுதான் குற்றவாளியா? டென்மார்க் இல்லை என்கிறது. லூத்தரன் திருச்சபை அங்கே அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அதற்கென்று தனி ஆயர் மன்றம் கிடையாது. சட்டம் போடுவது நாடாளுமன்றம். தன்பாலின ஜோடிகளின் உறவைச் சட்டப்படி பதிவு செய்வதை உலகில் முதலில், 1989இலேயே, தொடங்கிய நாடு அது. 2012 ஜூனில் அதே நாடாளுமன்றம், பலிபீடத்துக்கு முன்னாலேயே முழுத் திருமணம் என்று சட்டம் போட்டது. அப்போது திருச்சபை விவகார அமைச்சர் இந்திய வம்சாவளியினரான மனு சரீன். விருப்பமில்லாத பாதிரியார் ஒதுங்கிக்கொள்ளலாம். வேறொருவரை ஏற்பாடு செய்வது ஆயரின் பொறுப்பு. மறுக்கும் உரிமை ஆளுக்கு உண்டு, சபைக்கு இல்லை. ஜோடி வாசலோடு திரும்ப வேண்டியதில்லை. கேட்க இனிக்கிறது. ஆனால் ஒரு சபையின் இறையியலை எம்.பி.க்கள் கைதூக்கி முடிவு செய்வது எனக்குக் கொஞ்சம் நெருடல்தான். இன்றைக்கு ஒரு பக்கம் தூக்கிய கை நாளைக்கு மறுபக்கமும் தூக்கலாம்.

மிச்சம் அமெரிக்கா. மதத்தையும் அரசையும் 'பிரிக்கும் சுவர்' என்று 1802இல் அதிபர் ஜெபர்சன் எழுதிய நாடு அது. ஆனால் அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசு தரும் திருமண லைசென்ஸில் போதகரே கையெழுத்துப் போடலாம்! சுவரில் ஜன்னல் வைத்துப் பேனாவை நீட்டியிருக்கிறார்கள். 2015 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தன்பாலினத் திருமணத்தை உரிமையாக்கியபோது போதகர்களுக்கு ஆபத்தில்லை. மத சுதந்திரத்துக்கு உறுதி தரும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் அவர்களைக் காக்கிறது. முட்டிக்கொண்டது ஓர் அரசு ஊழியர். கென்டக்கி மாநிலத்தில், ரோவன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) திருமண லைசென்ஸ் தரும் பொறுப்பிலிருந்த கிளார்க் கிம் டேவிஸ், தன் நம்பிக்கைக்கு விரோதம் என்று யாருக்குமே லைசென்ஸ் தராமல் நிறுத்தினார். நீதிமன்ற அவமதிப்புக்கு 5 நாள் சிறை. பிறகு மாநிலம் கண்ட தீர்வு: படிவத்திலிருந்து கிளார்க்கின் பெயரையே எடுத்துவிட்டது. அலபாமா 2019இல் இன்னும் ஒரு படி போய் லைசென்ஸையே ஒழித்தது. நோட்டரி முன் கையெழுத்திட்ட படிவத்தை நீதிமன்றத்தில் கொடுத்தால் பதிவாகிவிடும், சடங்கே அவசியமில்லை.

எனக்குப் பிடித்தது பிரெஞ்சு ஏற்பாடு, அந்தச் சிறைத் தண்டனை நீங்கலாக. ஆனால் பிரித்து வைப்பதால் அதிகம் பிழைப்பது ஜோடி அல்ல, சபைதான். ஜோடிக்கு வேண்டியது சட்டப் புத்தகத்தில் இருக்கும் வார்த்தை.

நம் ஊரே சாட்சி. அண்ணா ஆட்சியில், 1967இல், இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம். புரிந்த மொழியில் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால் அல்லது தாலி கட்டினால் போதும். பிரான்சில் இருக்கும் மேயர்கூட இங்கே தேவைப்படவில்லை. ஆனால் சொல்ல வேண்டியது 'மனைவியாக', 'கணவனாக' ஏற்கிறேன் என்று. தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்டு, 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் கைவிரித்த வழக்கில் மனுதாரர்கள் முக்கியமாக நம்பியது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை. அதில் ஐயரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. ஆனால் 4ஆவது பிரிவு வயதைச் சொல்லும்போது 'ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18' என்கிறது.