ரஸ்ட்: லேப்டாப்பில் ஒன்பது, என் மிப்ஸ் போர்டில் ஐந்து

பெங்களூர் டொம்லூர் ஆபீஸில் என் மேஜை மேல் ஒரு பழைய கேட்வே போர்டு கிடக்கிறது. மிப்ஸ் வகை எம்டி7628 சிப், 16 எம்பி ஃப்ளாஷ், எஸ்பி ரோட்டில் பேரம் பேசி வாங்கிய சீரியல் கேபிள். அதில் ஓடிக்கொண்டிருந்த சி புரோகிராமை ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழிக்கு மாற்றி எட்டு மாதம் ஆகிறது. லேப்டாப்பில் மட்டும் ஓட்டிப் பார்த்தவர்கள் கொடுக்கும் ஐந்து ஸ்டாரை நம்பி இறங்கப் போகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒருமுறை செத்துப்போய்க்கொண்டிருந்த பாக்கெட் பார்சர் (நெட்வொர்க்கில் வரும் டேட்டாவைப் பிரித்துப் படிக்கும் பகுதி) இப்போது சாவதில்லை. மெமரியைத் தப்பாகத் தொட்டால் கம்பைல் ஆகவிடாத பாரோ செக்கர் முரண்டு பிடித்த இடங்களில் இரண்டு, வருஷக்கணக்காக சி கோடில் ஒளிந்திருந்த அசல் பக்.

போர்டில் ஏற்றப் போனபோதுதான் தலைவலி. ரஸ்ட்டில் டார்கெட்டுகளுக்கு, அதாவது புரோகிராம் ஓடப்போகும் சிப்-ஓஎஸ் ஜோடிகளுக்கு, மூன்று அடுக்கு. முதல் அடுக்குக்கு டெஸ்ட் எல்லாம் ஓட்டிப் பார்த்துத் தருவார்கள். இரண்டாவது, பில்டு ஆகும் என்ற உறுதி மட்டும். மூன்றாவதில் கோடு இருக்கும், மற்றதெல்லாம் உங்கள் சாமர்த்தியம். லினக்ஸ் மிப்ஸ் 2023-இல், 1.72 பதிப்பில், மூன்றாவதுக்கு இறங்கிவிட்டது. இதைப் படிக்காமலே மேனேஜரிடம் தேதி சொல்லிவிட்டேன். ரஸ்ட்டை இன்ஸ்டால் செய்யும் ரஸ்டப்பில் டார்கெட்டைச் சேர்க்கப் போனால் ரெடிமேட் லைப்ரரி கிடையாது என்கிறது! ஸ்டாண்டர்ட் லைப்ரரியை தினம் ஒன்றாக வரும் சோதனைப் பதிப்பான நைட்லி கம்பைலரில் நாமே கட்ட வேண்டும். இப்போது ஒரு தேதியின் நைட்லியைப் பிடித்து வைத்திருக்கிறோம், யாரும் அதைத் தொடக்கூடாது.

அடுத்தது, 32 பிட் மிப்ஸில் 64 பிட் அட்டாமிக் (நடுவில் யாரும் குறுக்கிட முடியாமல் ஒரே மூச்சில் படித்து எழுதுவது) இல்லை. நம் கோடு அதைக் கேட்காது, எங்கோ நாலாவது படியில் இருக்கும் டிபென்டென்சி, அதாவது நாம் இழுத்துப் போட்ட பிறர் லைப்ரரி, கேட்கும். "அண்ணே, பதினாலு எரர்ணே" என்று டீமில் இருக்கும் மதுரைப் பையன் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து நின்றான். போர்ட்டபிள்-அட்டாமிக் என்ற கிரேட்டை (ரஸ்ட் பேக்கேஜ்) வைத்து அவன்தான் ஒட்டுப்போட்டான்.

சைஸ்? சி-யில் 140 கேபி. ரஸ்ட்டில் முதல் பில்டு 4 எம்பி, ஃப்ளாஷில் கால்வாசி. எல்டிஓ, பேனிக் அபார்ட், ஸ்ட்ரிப் என்று சைஸைக் குறைக்கும் செட்டிங் எல்லாம் போட்டுப் பிழிந்ததில் 900 கேபிக்கு வந்தது.

மிப்ஸாவது பரவாயில்லை, சிப்புக்கான மெஷின் கோடை உண்டாக்கும் எல்எல்விஎம்முக்கு அதைத் தெரியும். ரஸ்ட் கம்பைலர் நிற்பதே அதன் மேல்தான். 2021 பிப்ரவரியில் பைதானின் கிரிப்டோகிராஃபி பேக்கேஜ் 3.4-இல் ரஸ்ட்டை நுழைத்தபோது, ஆல்ஃபா, எச்பிபிஏ மெஷின் வைத்திருந்தவர்கள் கத்தியது, அந்தப் பழைய சிப்புகளை எல்எல்விஎம்முக்குத் தெரியாது என்பதால்தான். இந்தக் காலத்தில் யாரய்யா ஆல்ஃபா வைத்திருக்கிறார்கள் என்று நான் அன்றைக்குச் சிரித்தேன். இன்னொரு கம்பைலரான ஜிசிசி பக்கமிருந்து ரஸ்ட்டுக்காக ஜிசிசிஆர்எஸ் வளர்ந்துகொண்டிருக்கிறது, ஆனால் அதில் கட்டி கஸ்டமருக்கு அனுப்ப எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

லேப்டாப்புக்கு பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். இந்த போர்டுக்கு ஐந்து, அதிலும் ஒன்று மதுரைப் பையனுக்குச் சேர வேண்டியது. மேக்ஃபைலில் பழைய சி-யைக் கட்டும் வரியை நான் இன்னும் அழிக்கவில்லை.